கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கேமராவில் எடுத்த படம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர ஐந்தும் சரியாக இருக்க வேண்டும்: மெமரி கார்டு, கேமரா, கேபிள், யூஎஸ்பி போர்ட், கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள். கேபிளையும் போர்ட்டையும் செட்டிங்கையும் ஒரே மூச்சில் மாற்றினால் படம் வந்துவிடலாம். ஆனால் எதனால் வந்தது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

தொடங்கும் முன் மூன்று தடைகள். திரையில் 'பார்மட் செய்யவா' என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். படங்களைக் 'கட்' செய்து நகர்த்தாதீர்கள், காப்பி மட்டும் செய்யுங்கள். கோளாறு தீரும் வரை அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காதீர்கள்.

கேபிளா கார்டு ரீடரா என்று கேட்டால், கார்டு ரீடர்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரீடர், கேமராவின் பேட்டரி, மெனு, கேபிள் ஆகிய மூன்று தொல்லைகளையும் ஒரே அடியில் விலக்கிவிடுகிறது. கேபிளில் வராத படம் ரீடரில் வந்தால் கார்டும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன. ரீடரில் வராதது கேபிளில் வந்தால் முதல் சந்தேகம் ரீடர் மேல்தான்.

கேமராவை மாட்டியும் கம்ப்யூட்டரில் சத்தமே இல்லை

கேமரா ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல கேமராக்கள் கேபிளைச் சொருகினால் மட்டும் விழிக்காது, சுவிட்சைப் போட வேண்டும். சில காம்பாக்ட் கேமராக்களில் படம் பார்க்கும் பட்டனையும் அழுத்த வேண்டியிருக்கும். பேட்டரி கடைசிக் கோட்டில் இருந்தால் இணைப்பு வந்த வேகத்தில் அறுந்துபோகும்.

அடுத்த சந்தேகம் கேபிள் மேல். பவர் பேங்க், புளூடூத் ஸ்பீக்கர் போன்றவற்றோடு வரும் கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், டேட்டாவுக்கான இரண்டும் இருக்காது. கேமரா சார்ஜ் ஆகும், கம்ப்யூட்டரோ கண்டுகொள்ளாது. கேபிளின் முனை உங்கள் போனுக்குப் பொருந்தினால் அதில் மாட்டிப் பாருங்கள். போனின் ஃபைல்கள் கம்ப்யூட்டரில் தெரிந்தால் கேபிளில் குறையில்லை.

முனைகளிலும் கவனம் வேண்டும். 2005 முதல் 2015 வரை வந்த கேனான், நிகான் எஸ்எல்ஆர்கள் பலவற்றில் ஐந்து பின் மினி யூஎஸ்பி. நிகானின் கூல்பிக்ஸ் கேமராக்கள் பலவற்றிலோ யூசி-இ6 என்ற எட்டு பின் முனை. இரண்டும் பார்வைக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அழுத்தினால் கேமராவின் உள்ளே பின் வளைந்துவிடும். நிகான் டி810, கேனான் 5டி மார்க் 4 போன்றவற்றில் இருப்பது இரண்டு துண்டாகப் பிரிந்த அகலமான மைக்ரோ யூஎஸ்பி 3. அந்தக் கேபிள் தொலைந்துவிட்டால், சாதாரண மைக்ரோ யூஎஸ்பி கேபிளை அதன் பெரிய பாதியில் சொருகலாம். வேகம் குறையும், படம் வந்து சேரும். சோனியின் மல்டி டெர்மினலிலும் சாதாரண மைக்ரோ யூஎஸ்பி பொருந்தும்.

கேபிள் சரி என்று தெரிந்தால் போர்ட்டை மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் முன்பக்க போர்ட்டையும் ஹப்பையும் விட்டு, மதர்போர்டிலேயே உள்ள பின்பக்க போர்ட்டில் நேராகச் சொருகுங்கள்.

மீதி இருப்பது கேமரா மெனு. கேனானின் 70டி, 6டி காலத்து மாடல்களில் வைஃபை 'எனேபிள்' என்று இருந்தால் கேபிள் வழி பேச்சு நின்றுவிடும், மெனுவில் வைஃபையை 'டிசேபிள்' செய்ய வேண்டும். சோனியில் யூஎஸ்பி கனெக்ஷன் என்ற இடத்தில் 'பிசி ரிமோட்' என்று இருந்தால், கம்ப்யூட்டரிலிருந்து கேமராவை இயக்கும் நிலையில் அது இருக்கிறது. அதை 'மாஸ் ஸ்டோரேஜ்' ஆக்கினால் பென் டிரைவ் போலத் திறக்கும்.

'டிங்' சத்தம் வருகிறது, ஆனால் கேமரா எங்கேயும் தெரியவில்லை

சத்தம் வந்தால் கேபிள் பிழைத்தது, இனி மென்பொருள் பக்கம்தான் பார்க்க வேண்டும். கேமராக்கள் இரண்டு விதமாகத் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும். மாஸ் ஸ்டோரேஜ் முறையில் டிரைவ் எழுத்தோடு வரும். பிடிபி அல்லது எம்டிபி முறையில் எழுத்து இருக்காது, 'திஸ் பிசி'யில் கேமராவின் பெயர் மட்டும் தெரியும். ஈ, எஃப் என்று எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் கண்முன்னே இருக்கும் கேமரா பெயரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதுவும் இல்லையென்றால் விண்டோஸ் கீயுடன் எக்ஸ் அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'போர்ட்டபிள் டிவைசஸ்' கீழே மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதில் ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். கேமராவைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி மாட்டுங்கள். விண்டோஸ் தன்னிடம் உள்ள டிரைவரையே திரும்பப் போட்டுக்கொள்ளும். கேமரா பெட்டியில் வந்த பழைய சிடியைத் தேடி அலைய வேண்டாம். பிடிபிக்கு அது தேவையில்லை, எக்ஸ்பி காலத்து மென்பொருள் விண்டோஸ் 11-இல் ஏறாமல் மக்கர் செய்வதுதான் மிச்சம்.

விண்டோஸின் 'என்' பதிப்பு இருக்கும் கம்ப்யூட்டரில் மீடியா பகுதிகளே கிடையாது, அதனால் எம்டிபி தகராறு செய்யும். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய் 'மீடியா ஃபீச்சர் பேக்' சேர்க்க வேண்டும். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி பிரிவே யூஎஸ்பியைப் பூட்டி வைத்திருக்கலாம், அதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை.

மேக்கில் பிடிபி கேமரா ஃபைண்டரில் வரவே வராது. அது பழுதல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். 'இமேஜ் கேப்சர்' திறந்து இடப்பக்கப் பட்டியலில் கேமராவைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பிள் சிலிக்கான் லேப்டாப்பில் மேக்ஓஎஸ் வென்சுரா முதல், புதிதாக எதைச் சொருகினாலும் 'இதை இணைக்கலாமா' என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் 'வேண்டாம்' கொடுத்திருந்தால் கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

ஒரு கேமராவை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும். கேனானின் ஈஓஎஸ் யூட்டிலிட்டி பின்னணியில் ஓடினால் மற்ற மென்பொருளுக்குக் கேமரா கிடைக்காமல் போகலாம். லினக்ஸில் படம் இறக்கும் மென்பொருளான ஜிபோட்டோ2 'யூஎஸ்பியைப் பிடிக்க முடியவில்லை' என்று புலம்பினால், ஃபைல் மேனேஜர் கேமராவை ஏற்கெனவே மவுன்ட் செய்திருக்கும். அதை அன்மவுன்ட் செய்தால் போதும்.

கேமராவில் ஓடும் கார்டு, ரீடரில் தெரியவில்லை

கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படியுங்கள். வெறும் எஸ்டி என்றால் 2 ஜிபி வரை, எஸ்டிஹெச்சி 4 முதல் 32 ஜிபி வரை, எஸ்டிஎக்ஸ்சி 64 ஜிபி முதல் 2 டிபி வரை. மூன்றுக்கும் ஒரே உருவம்தான், ஆனால் பழைய ரீடருக்குப் பெரிய கார்டின் பேச்சு புரியாது. பழைய லேப்டாப்பில் உள்ளே இருக்கும் ஸ்லாட்டில் 64 ஜிபி கார்டு தெரியாவிட்டால், கார்டைக் குறை சொல்லும் முன் புது ரீடரில் போட்டுப் பாருங்கள்.

எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் ஆகியிருக்கும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு இதற்கெனத் தனி அப்டேட் வேண்டும், லினக்ஸ் கெர்னலில் 2019-இல் வந்த 5.4 பதிப்பில்தான் எக்ஸ்ஃபேட் சேர்ந்தது. ஸ்டூடியோவின் மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி தலைகாட்டும்.

ரீடரும் புதிதுதான் என்றால் விண்டோஸ் கீ, எக்ஸ், பிறகு 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'. கார்டு அங்கே 'ஹெல்தி' என்று இருந்து எழுத்து மட்டும் இல்லையென்றால், ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' வழியாக ஒரு எழுத்தைக் கொடுங்கள். அலுவலக நெட்வொர்க் டிரைவ் அந்த எழுத்தைப் பிடித்து வைத்திருப்பதே இதற்கு வழக்கமான காரணம்.

மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டிருந்தால் அடாப்டரை மாற்றுங்கள், அதன் தொடுமுனைகள் சீக்கிரம் தளர்ந்துவிடும். கார்டின் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பஞ்சில் ஒரு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, உலர்ந்த பிறகு போட்டால் போதும். சிஎஃப் (காம்பாக்ட் ஃப்ளாஷ்) கார்டு என்றால் ரீடருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐம்பது ஊசிகளில் ஒன்று வளைந்திருந்தாலும் கார்டை அழுத்தாதீர்கள்.

'இந்த டிஸ்க்கை பார்மட் செய்ய வேண்டும்' என்கிறது

மற்ற கோளாறுகளில் நேரம்தான் போகும், இதில் படமே போய்விடக்கூடும். கேன்சல் கொடுத்துவிட்டுக் கார்டைத் திரும்பக் கேமராவில் போடுங்கள். படங்கள் தெரிந்தால் கார்டு நலம், கேபிள் வழியாகவே எல்லாவற்றையும் காப்பி செய்துவிடுங்கள்.

கேமராவும் 'கார்டு எரர்' என்றால், கார்டை ரீடரில் போட்டு டிஸ்க் மேனேஜ்மென்டில் அதன் அளவைப் பாருங்கள். 32 ஜிபி கார்டு 29 ஜிபி சொச்சம் என்று காட்டி, பக்கத்தில் 'ரா' என்று இருந்தால் நல்ல செய்தி. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் கெட்டிருக்கிறது, படங்கள் அநேகமாக அப்படியே இருக்கும். இந்த 'ரா' படத்தின் ரா வகையைக் குறிப்பதல்ல, ஃபைல் சிஸ்டத்தைப் படிக்க முடியவில்லை என்பதன் அடையாளம். அளவு பூஜ்யம் என்றோ சில மெகாபைட் என்றோ காட்டினால் கார்டை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் போய்விட்டது. எந்த மென்பொருளும் உதவாது, டேட்டா ரெக்கவரி கூடத்துக்குத்தான் எடுத்துப் போக வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் போதும். இலவசம், கார்டில் எதையும் எழுதாது. கார்டை டிரைவ் பட்டியலில் தேர்ந்தெடுத்து, 'ஹோல் டிஸ்க்' கொடுத்து, ஃபைல் சிஸ்டம் கேட்கும் இடத்தில் ஃபேட் உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். மீட்ட படங்களைச் சேமிக்க ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். அதே கார்டைக் காட்டினால் மீட்க வேண்டிய படத்தின் மேலேயே மீட்ட படம் எழுதப்படும். பழைய பெயர்கள் திரும்பாது, எஃப் என்ற எழுத்தோடு நீண்ட எண்களாக வரும். 'டேட் டேக்கன்' வைத்து வரிசைப்படுத்தினால் நிகழ்ச்சியின் ஒழுங்கு கிடைத்துவிடும். இந்த வேலைக்குக் கார்டு ரீடர் கட்டாயம், பிடிபி கேபிளில் ரெக்கவரி மென்பொருளுக்குக் கார்டே தெரியாது.

தெரியாமல் அழித்த படத்துக்கும், கேமராவில் சாதாரணமாகப் பார்மட் செய்த கார்டுக்கும் இதே வழிதான். அழிப்பது என்பது அட்டவணையில் 'இந்த இடம் காலி' என்று குறிப்பதுதான், மேலே வேறு எதுவும் எழுதாத வரை படம் கிடக்கும். கேனானில் 'லோ லெவல் பார்மட்' டிக் செய்திருந்தாலோ, விண்டோஸில் 'குவிக்' இல்லாத முழு பார்மட் கொடுத்திருந்தாலோ நம்பிக்கை வேண்டாம். விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முழு பார்மட் கார்டு முழுக்கப் பூஜ்யங்களை எழுதுகிறது. டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்பவர்களும் உண்டு. படங்களை மீட்ட பிறகு ஓட்டுங்கள், முன்பு ஓட்டினால் அது கார்டில் எழுதத் தொடங்கிவிடும்.

சில படங்கள் வந்தன, சில வரவில்லை

இதற்குக் காரணங்கள் பல, பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. இம்போர்ட் செய்யும் மென்பொருள்கள் முன்பு எடுத்ததை நினைவில் வைத்துப் புதியவற்றை மட்டும் காட்டும். கம்ப்யூட்டரில் பழையதை அழித்துவிட்டு மறுபடி இறக்க முயன்றால் 'புதிதாக எதுவும் இல்லை' என்றே பதில் வரும். மென்பொருளை ஒதுக்கிவிட்டு, கார்டில் படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டரை நேரடியாகத் திறந்து காப்பி செய்யுங்கள்.

அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோல்டர்கள் இருக்கலாம். படத்தின் எண் 9999-ஐத் தொட்டதும் கேமரா 100-க்கு அடுத்து 101 என்று புது ஃபோல்டர் போட்டுவிடும். ஆகவே உள்ளே இருப்பதை எண்ணாமல் டிசிஐஎம் முழுவதையும் அப்படியே எடுங்கள்.

வீடியோ மட்டும் காணவில்லை என்றால், சில கேமராக்களில் டிசிஐஎம்மில் தேடிப் பயனில்லை. சோனியில் எக்ஸ்ஏவிசி எஸ் வகை வீடியோ 'பிரைவேட்' ஃபோல்டருக்குள் 'எம்4ரூட்', அதற்குள் 'கிளிப்' என்ற இடத்தில் இருக்கும். ஏவிசிஹெச்டி என்றால் 'பிரைவேட்', 'ஏவிசிஹெச்டி', 'பிடிஎம்வி', 'ஸ்ட்ரீம்' என்று நான்கு படி இறங்க வேண்டும், ஃபைல்கள் எம்டிஎஸ் என்று முடியும். 32 ஜிபி வரையிலான கார்டு ஃபேட்32 என்பதால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீண்ட வீடியோவைக் கேமரா துண்டு துண்டாக எழுதியிருக்கும், எல்லாத் துண்டுகளையும் எடுத்தீர்களா என்று பாருங்கள்.

கேமராவில் தெரியும் படம் கார்டில் இல்லை என்றால் உள்நினைவகத்தைச் சந்தேகியுங்கள். கூல்பிக்ஸ் போன்ற காம்பாக்ட் கேமராக்கள் பலவற்றில், கார்டு போடாமல் எடுத்த படம் கேமராவுக்குள்ளேயே தங்கும். கார்டு உள்ளே இருக்கும் வரை அது கண்ணில் படாது. கார்டைக் கழற்றிவிட்டுக் கேபிளில் மாட்டுங்கள்.

மிகவும் வலிக்கும் வகை, படங்கள் ஒன்றன் மேல் ஒன்று எழுதப்படுவது. ஃபைல் எண் 'ஆட்டோ ரீசெட்' என்று இருந்தால், ஒவ்வொரு முறை கார்டைக் காலி செய்த பிறகும் கேமரா 0001-இலிருந்து தொடங்கும். இந்த வாரப் படங்களைப் போன வார ஃபோல்டரிலேயே கொட்டும்போது 'அதே பெயரில் ஃபைல் இருக்கிறது, ரீபிளேஸ் செய்யவா' என்று விண்டோஸ் கேட்கும். யோசிக்காமல் 'ஆம்' கொடுத்தால் போன வாரம் போயிற்று. மெனுவில் எண்ணைத் 'தொடர்ச்சி'க்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் 2025-03-14 பாணியில் தேதியிட்டுப் புது ஃபோல்டர் போடுங்கள்.

பிரின்ட் போடும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் போய்வந்த கார்டில் ஃபோல்டர்கள் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்கள் நின்றால் அது வைரஸ். ஷார்ட்கட்டைத் திறக்காதீர்கள். ஃபோல்டர் ஆப்ஷனில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கையும் எடுத்துவிட்டால் உண்மையான டிசிஐஎம் மங்கலாகத் தெரியும். அதிலிருந்து படங்களை மட்டும் காப்பி செய்யுங்கள். அடுத்த முறை கடைக்குப் பூட்டு விசையைக் கீழே தள்ளிய கார்டைக் கொடுங்கள், அப்போது ரீடர் அதில் எழுத விடாது.

பாதியில் நிற்கிறது, அல்லது படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறம்

கேபிளில் காப்பி ஆகும்போது நின்றால் கேமராவின் ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தை நீட்டுங்கள், பேட்டரியை முழுதாக ஏற்றுங்கள். ஆயிரக்கணக்கில் படம் இருந்தால் ஐந்நூறு ஐந்நூறாக எடுங்கள். ஒரே படத்தில் ஒவ்வொரு முறையும் நின்று 'சைக்ளிக் ரிடன்டன்சி' என்று பிழை வந்தால் கார்டின் அந்த இடம் கெட்டிருக்கிறது. அதை 'ஸ்கிப்' செய்து மற்றவற்றை முதலில் கரையேற்றுங்கள், அந்தக் கார்டுக்கு அதோடு ஓய்வு கொடுங்கள்.

சாம்பல் நிறப் படம் வந்தால், கார்டில் உள்ள ஃபைலின் பைட் அளவையும் கம்ப்யூட்டரில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். கம்ப்யூட்டரில் குறைவாக இருந்தால் காப்பி அறுந்திருக்கிறது, மறுபடி எடுத்தால் சரியாகும். இரண்டும் சமமாக இருந்தால் கார்டிலேயே படம் கெட்டிருக்கலாம். 'கேமராவில் நன்றாகத் தெரிகிறதே' என்பது ஆதாரமாகாது. கேமராத் திரை காட்டுவது பெரும்பாலும் ஃபைலுக்குள் இருக்கும் சின்ன முன்னோட்டப் படம். கேமராவில் முழுதாகப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கார்டில் முதலில் எடுத்தவை நன்றாக இருந்து, ஒரு கட்டத்துக்குப் பின் எடுத்தவை எல்லாம் கெட்டிருந்தால் அது போலிக் கார்டு. 8 ஜிபி சிப்பை வைத்து 64 ஜிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். படங்களை எடுத்துவிட்டு, காலிக் கார்டில் சோதனை மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பாருங்கள்: விண்டோஸ் என்றால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ், மேக் என்றால் எஃப்3. கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்ப்பதால் நேரம் எடுக்கும். புதிதாக வாங்கும் கார்டு ஒவ்வொன்றையும் கல்யாண வேலைக்கு எடுத்துப் போகும் முன் இப்படிச் சோதிப்பது நல்லது.

படம் வந்துவிட்டது, திறக்கவில்லை

ஜேபிஜி திறந்து, சிஆர்3, என்இஎஃப், ஏஆர்டபிள்யூ மட்டும் வெள்ளைச் சின்னமாக நின்றால் அவை ரா ஃபைல்கள், அதாவது கேமரா பதிவை ஜேபிஜி ஆக்காமல் வைத்திருப்பவை. விண்டோஸ் 10, 11-இல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து 'ரா இமேஜ் எக்ஸ்டென்ஷன்' போடலாம். அதற்கும் மசியாவிட்டால் கேமரா நிறுவனத்தின் இலவச மென்பொருளைப் போடுங்கள். கேனானின் சிஆர்3 2018-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய லைட்ரூம், ஃபோட்டோஷாப் பதிப்புகள் அதைத் திறக்காது.

காப்பி ஆமை வேகம்

யூஎஸ்பி 2 போர்ட்டில் நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி சுமார். 64 ஜிபி கார்டு காலியாக 35 நிமிடம் ஆகும். யூஎஸ்பி 3 ரீடரில் நல்ல யூஹெச்எஸ்-1 (எஸ்டி கார்டின் ஒரு வேக வகை) கார்டு 90 எம்பி வரை தரும், 12 நிமிடத்தில் முடிந்துவிடும். பின்புறம் இரண்டு வரிசைப் பட்டை உள்ள யூஹெச்எஸ்-2 கார்டுக்கு அதற்கான ரீடரே வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்த காசுக்குப் பலன் இல்லை. ரீடர் புதிது, வேகம் மட்டும் 30-இலேயே நிற்கிறது என்றால் இடையில் பழைய ஹப் ஒன்று ஒளிந்திருக்கும்.

தேதியும் நேரமும் தப்பு

எல்லாப் படங்களும் பல வருடம் பின்னால் இருந்தால் கேமராவின் கடிகாரம் ரீசெட் ஆகியிருக்கிறது. உள்ளே உள்ள சிறு பேட்டரி வடிந்துபோனதுதான் காரணம். முழுதாக ஏற்றிய பேட்டரியை ஒரு நாள் உள்ளேயே விட்டால் பெரும்பாலான மாடல்களில் அது தானே ஏறிக்கொள்ளும். எடுத்த படங்களின் தேதியை எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் கொண்டு ஒரே வித்தியாசத்தில் மொத்தமாக நகர்த்தலாம்.

படம் சரியாக இருந்து வீடியோ மட்டும் ஐந்தரை மணி நேரம் தள்ளி நின்றால் கேமரா கெடவில்லை. எம்பி4 ஃபைலில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. பல கேமராக்கள் உள்ளூர் நேரத்தையே எழுதிவிடுகின்றன. பார்க்கும் மென்பொருள் அதன் மேல் இந்திய, இலங்கை நேரத்துக்கான 5:30-ஐக் கூட்டும்போது, காலை 9 மணி முகூர்த்தம் பிற்பகல் 2:30-க்குப் போய்விடுகிறது.

அழித்தும் கார்டு நிறைந்தே இருக்கிறது

மேக்கில் கார்டிலிருந்து அழித்தவை அதே கார்டில் உள்ள மறைந்த குப்பைத் தொட்டிக்குப் போகும். கார்டு மாட்டியிருக்கும்போதே டிராஷைக் காலி செய்யாவிட்டால் இடம் திரும்பாது. விண்டோஸில் கதை நேரெதிர், கார்டிலிருந்து அழித்தது பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரே போய்விடும். அழிக்கவே விடவில்லை என்றால் கார்டின் இடப்பக்கப் பூட்டு விசை கீழே இருக்கிறதா என்று பாருங்கள். சில படங்கள் மட்டும் அடம் பிடித்தால், கேமராவில் சாவிச் சின்னம் போட்டுப் பாதுகாத்தவை அவை.

கார்டைக் காலி செய்ய நல்ல வழி, கேமராவிலேயே பார்மட் செய்வது. அதற்கு முன் படங்கள் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் இருக்கின்றனவா, அங்கிருந்து திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். சாவிச் சின்னம் போட்ட படங்களையும் பார்மட் விட்டுவைக்காது.